அத்திப்பள்ளி தாண்டினா சத்தம் குறையணுமா?

ஓசூர்ல இருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு இன்டர்ன்ஷிப் போன ரெண்டு மாசமும் நான் ஒரு வேலையைத் தவறாமல் செய்தேன். ஜூஜூவாடி பக்கம் டீக்கடையில் வண்டியை நிறுத்தி, அலன் கீ எடுத்து, சைலன்சருக்குள் டிபி கில்லரை மாட்டுவேன். சாயங்காலம் திரும்பி வரும்போது அதே இடத்தில் கழட்டிடுவேன். பெங்களூர்ல பிடிப்பாங்க, நம்ம ஊர்ல கண்டுக்க மாட்டாங்க. அவ்ளோதான் லாஜிக். உங்கள்ல பாதி பேருக்கு இது தெரிஞ்ச கதைதான்.

ஆனா ஒண்ணு தெரியுமா? எல்லைக்கு அந்தப் பக்கம் வேற சட்டமே கிடையாது. மோட்டார் வாகனச் சட்டம் மத்திய சட்டம். 175 சிசிக்கு மேல் உள்ள பைக் கம்பெனியில் இருந்து வரும்போது 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது ஓசூருக்கும் அதேதான், பெங்களூருக்கும் அதேதான். சத்த அளவை மீறி ஓட்டினால் பிரிவு 190(2)-ன்படி 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை. லைசன்ஸும் மூன்று மாதம் போகும். டிஎன் நம்பரா கேஏ நம்பரா என்று சட்டம் பார்ப்பதில்லை.

மாறுவது ரேட் மட்டும்தான். கோர்ட்டுக்குப் போகாமல் கட்டும் தொகையை மாநிலங்களே முடிவு செய்யலாம். 2019 திருத்தம் வந்தவுடன் கர்நாடகா புது அபராதத்தை அமல்படுத்தி, அதே செப்டம்பரில் பலவற்றைக் குறைத்தது. தமிழ்நாடு 2022 அக்டோபரில்தான் புது ரேட்டுக்கு வந்தது. நடுவில் மூணு வருஷம், பல தப்புகளுக்கு நாற்பது கிலோமீட்டர் இடைவெளியில் ரெண்டு விலை. நாமளும் சட்டத்தை விலைப்பட்டியல் மாதிரியே படிச்சுப் பழகிட்டோம்.

போலீஸ் பக்கமும் ஒரு சிக்கல் இருக்கு. அந்த 80 டெசிபல், டெஸ்ட் டிராக்கில் வண்டி ஆக்ஸிலரேட் ஆகும்போது 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து அளப்பது. சிக்னல்ல நிக்கிற வண்டிக்கு அதைச் செய்ய முடியாது. கடைசியில் அவர் காதுதான் மீட்டர். அதனால எந்த ஊர்ல எவ்ளோ கண்டிப்புங்கிறது அங்க இருக்கிற அதிகாரியைப் பொறுத்ததாகிடுது. இது சரியில்லைன்னுதான் நானும் சொல்றேன். ஆனா டிபி கில்லரைக் கழட்டினவன் "அளந்து காட்டுங்க சார்"னு வாதாடுறது கொஞ்சம் ஓவர்.

போன டிசம்பர்ல தாத்தாவுக்கு ஹார்ட் ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். அன்னிக்கு ராத்திரி பத்தரை மணிக்குத் தெருமுனையிலேயே இன்ஜினை ஆஃப் பண்ணி வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போனேன். யாரும் சொல்லல. அந்தத் தெருவுல அதுக்கு முன்னாடி ஆறு மாசம் யார் வீட்லயும் நோயாளி இல்லையா என்ன? குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல்னு எனக்கு அப்பவே தெரியும். பரீட்சைக்குப் படிச்சது.

நாம செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. வருஷா வருஷம் பார்க்கிங் ஸ்டிக்கர் கொடுக்கும்போது லைசன்ஸ், ஆர்சி பார்க்கிறாங்க இல்ல? கூடவே சைலன்சரையும் பார்க்கட்டும். ஒரிஜினல் இல்லைன்னா ஸ்டிக்கர் இல்லை. இதை ஸ்டூடன்ட் கவுன்சில்ல எழுதிக் கொடுத்திருக்கேன். ஜூனியர்ஸ் திட்டுவீங்க, பரவாயில்ல. கையெழுத்துப் போடணும்னா மெக்கானிக்கல் பிளாக் நோட்டீஸ் போர்டு பக்கம் வாங்க.