நராச்சியும் மாரிகுப்பமும்

ஒரு கதை யாருக்குச் சொல்லப்படுகிறது என்பது முடிவானதும், அதில் யார் பேசுவார்கள், யார் வாய்மூடி நிற்பார்கள் என்பதும் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. இதற்குக் கோலார் தங்கவயலைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

2018 டிசம்பரில் வெளியான பிரசாந்த் நீலின் ‘கே.ஜி.எஃப்: சாப்டர் 1’ ஐந்து மொழி ரசிகர்களைக் கணக்கில் வைத்து எடுக்கப்பட்ட கன்னடப் படம். அந்த ரசிகர்களில் பெரும்பாலோர் தங்கவயலைப் பார்த்ததில்லை. ஆகவே நராச்சி என்றொரு கற்பனைச் சுரங்கம், கொடுங்கோல் முதலாளி, மும்பையிலிருந்து வந்து அடிமைகளை மீட்கும் நாயகன். எந்த ஊர்க்காரருக்கும் உடனே புரியும். தங்கவயலில் சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேடுகளிலேயே படம் பிடித்தார்கள். ஆனால், அந்த மண்ணை வெட்டி மேலே கொண்டுவந்தவர்கள் திரையில் வெறும் கூட்டம். மீட்பனுக்காகக் காத்திருப்பதே அவர்கள் வேலை.

தங்கவயலில் ரயில் பாதை முடியும் மாரிகுப்பத்தின் வரலாறு வேறு. 1880இல் ஜான் டெய்லர் என்ற பிரிட்டிஷ் சுரங்க நிறுவனம் வந்த பிறகு, வட ஆற்காட்டிலிருந்து தலித் குடும்பங்கள் திரளாக இங்கே குடியேறின. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. பாறை வெடித்துச் சிதறும் ராக் பர்ஸ்ட்டிலும், தூசியால் வரும் சிலிக்கோசிஸ் நுரையீரல் நோயிலும் உயிர்கள் போயின. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது, தொழிலாளர்கள் எந்த வெளியூர் நாயகனுக்காகவும் காத்திருக்கவில்லை. இந்த ஊர் மக்களையும் பார்வையாளர்களாக எண்ணியிருந்தால், அவர்களை வாயில்லாக் கூட்டமாகக் காட்டத் துணிவு வந்திருக்காது.

2024 ஆகஸ்டில் வந்த பா.இரஞ்சித்தின் ‘தங்கலான்’ அந்த மக்களின் முன்னோரையே நடுவில் நிறுத்தியது. தொன்மமும் கனவும் கலந்த அதன் போக்கு பலரைக் குழப்பியது உண்மை. எல்லோருக்கும் எளிதாகப் புரிவதைவிடச் சிலரின் நினைவுக்கு நியாயம் செய்வது முக்கியம் என்று எண்ணிய படமாகவே அதை நான் பார்க்கிறேன்.

கதை யாருக்காக என்ற இந்தப் பிரச்சினை வீடியோ கேமில் இன்னும் கூர்மையாகிறது. சினிமாவில் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். கேமில் செய்தாக வேண்டும். எதைச் செய்தால் வெற்றி என்று விதி சொல்கிறது. தங்கத்தைச் சேர்த்தால் வெற்றி என்று வைத்தால், ஆடுபவர் முதலாளியின் கணக்கையே ஏற்றுக்கொள்கிறார், திரையில் அவர் தொழிலாளியின் உடுப்பைப் போட்டிருந்தாலும்கூட.

அலாஸ்காவின் இனுபியாக் மக்கள் இதை 2014இல் வேறு விதமாகச் செய்துகாட்டினார்கள். பழங்குடி அமைப்பொன்றின் முயற்சியில், அவர்களுடைய மூத்தோரும் கதைசொல்லிகளும் சேர்ந்து உருவாக்கிய ‘நெவர் அலோன்’ விளையாட்டில் கதை இனுபியாக் மொழியிலேயே ஒலிக்கிறது. ஒரு சிறுமியும் நரியும் மாறிமாறி உதவினால்தான் பனிப்புயலைக் கடக்க முடியும். சேர்ந்து வாழ்வது அங்கே வசனத்தில் இல்லை, விதியிலேயே இருக்கிறது.

மாரிகுப்பத்துக்கு இப்படியொரு கேம் ஏன் கூடாது? மேலே ஒருவர் கூண்டை இழுக்கும் வைண்டிங் எஞ்சினை இயக்க, கீழே இன்னொருவர் மணியடித்துச் சைகை தர, தொழிலாளர்களுடன் அந்தக் கூண்டு பத்திரமாக ஏறி இறங்க வேண்டும். தங்கத்தின் எடைக்கு மதிப்பெண் கிடையாது. ஷிஃப்ட் முடிந்து எத்தனை பேர் மேலே வந்தார்கள் என்பதே கணக்கு. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, பிழைப்புக்காக இங்கிருந்து தினமும் பெங்களூருக்கு ரயிலேறும் இளைஞர்கள் ஏராளம். கேம் நிறுவனங்கள் இருப்பதும் அதே பெங்களூரில்தான். அந்த இளைஞர்களை அழைத்து உட்காரவைத்து, முதல் விதியை எழுதச் சொல்லலாம்.