கேக் ஓவனில் கிளட்ச் கவரா?

குளிர்காலத்துக்கு பைக் கராஜுக்குள்ள போயாச்சு. கிளட்ச் கவர், வால்வ் கவர்னு கழற்றி பெயிண்ட் அடிக்கிற சீசன் இது.

என்ஜின் எனாமல் காற்றில் காய்ந்தால் மட்டும் போதாது. சூட்டில்தான் நன்றாக இறுகும். இல்லேன்னா பெட்ரோல் பட்டதும் இளகி உரியும். பல டப்பாக்களில் 93 டிகிரி செல்சியஸ் என்று போட்டிருக்கும். கேக் சூட்டைவிடக் குறைவாச்சேன்னு சமையலறை ஓவனைத் திறக்காதீங்க. சூட்டில் கரைப்பான் ஆவி கிளம்பும். காஸ் ஓவன்னா தீயே பிடிக்கலாம். உள்ளே படிஞ்சது நாளைக்குப் பிள்ளைகளோட நக்கெட்ஸ்ல.

பழைய எலெக்ட்ரிக் டோஸ்டர் ஓவன் ஒண்ணு வாங்கி, "சாப்பாட்டுக்கு அல்ல" என்று பெரிசா எழுதிடுங்க. பெயிண்ட் தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்த பிறகே உள்ளே வையுங்க, கராஜ் கதவு திறந்தே இருக்கட்டும். டயல் பொய் சொல்லும். தனி தெர்மாமீட்டர் வேணும்.

பெட்ரோல் டேங்க்? கழுவியிருந்தாலும் கூடாது. பிளாஸ்டிக் பேனல் வளைஞ்சுடும். அட்டைப்பெட்டிக்குள் ஹாலஜன் விளக்கு என்பது தீக்குச்சி விளையாட்டு.

சைலன்சருக்கு ஓவனே வேண்டாம். பைக்கில் மாட்டி, என்ஜினைக் கொஞ்ச நேரம் ஐடிலில் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டினால் அதன் சூட்டிலேயே இறுகிடும். ஆனா இது வெட்டவெளியில் மட்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, கராஜுக்கு மேலேதான் பல வீட்டில் பிள்ளைகள் தூங்குற அறை.