நடை பழகும் குழந்தையும் கடல் கடந்த பயணமும்

(கருத்துக் கட்டுரை)

ஆரணியாற்று நீர்த்தேக்கத்தால் அறியப்படும் ஊர் பிச்சாட்டூர். 2022ஆம் ஆண்டு வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், இப்போது திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. தெலுங்கும் தமிழும் ஒருங்கே ஒலிக்கும் இத்தகைய எல்லையோர ஊரில், வேலை நிமித்தம் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்று வாழ்வதாகக் கொள்வோம். அவ்வீட்டுக் குழந்தைக்கு வயது ஒன்றரை. தாயைப் பெற்றவளின் அன்னை, அதாவது குழந்தையின் கொள்ளுப்பாட்டி, மலேசியாவின் கிள்ளான் நகரில் முதுமையுற்றுப் பயணம் செய்ய இயலாத நிலையில் இருக்கிறார். குடும்பத்தின் சேமிப்போ சிறிது. நடை பழகும் குழந்தையுடன் இப்போதே புறப்படலாமா, சில ஆண்டுகள் பொறுக்கலாமா? வெளிநாட்டில் உறவினரைக் கொண்ட தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் எழும் வினா இது.

இப்போதே செல்ல வேண்டும் என்போர் முதலில் காட்டும் காரணம் கட்டணம். இரண்டு வயது நிறையாத குழந்தை விமானத்தில் பெற்றோரின் மடியில் அமர்ந்து செல்லலாம். அதற்கெனப் பல நிறுவனங்கள் பெரியவர் கட்டணத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கையே பெறுகின்றன. மலிவுக் கட்டண நிறுவனங்கள் குறிப்பிட்ட ஒரு தொகையை வாங்குகின்றன. இரண்டாம் பிறந்தநாள் வந்துவிட்டால் தனி இருக்கை வாங்கியாக வேண்டும். பயணத்தின் இடையில் அந்நாள் வந்தாலும் திரும்பும் பயணத்திற்கு இருக்கை தேவை. ஆகவே, "வயது ஏறுவதற்குள் போய்வந்துவிடுவோம்" என்னும் அவசரம் பிறக்கிறது.

இந்த அவசரம் பயணத்திற்குப் போதிய காரணம் ஆகாது. குழந்தையின் சீட்டு மலிவானாலும் பெற்றோர் இருவரின் சீட்டு மலிவாவதில்லை. மலிவுக் கட்டண விமானத்தில் கையோடு கொண்டு செல்லும் பொதி பெரும்பாலும் ஏழு கிலோவிற்குள் இருத்தல் வேண்டும். குழந்தையின் துணிமணிகளும் பால்புட்டிகளும் சேர்ந்தால் கூடுதல் பொதிக்குத் தனிக் கட்டணம் செலுத்த நேரும். பேருந்தில் செல்ல எண்ணிய இடத்திற்கு வாடகை ஊர்தி தேவைப்படும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்னும் பழமொழி இங்கே பொருந்தும். எனவே, ஒரு சீட்டில் மிச்சமாகும் தொகையை மட்டும் கணக்கிடாமல், பயணத்தின் முழுச் செலவையும் கணக்கிட்டுப் பார்த்தலே அறிவுடைமை.

செல்ல வேண்டாம் என்போரின் காரணம் வேறு. "குழந்தைக்கு ஒன்றும் நினைவிருக்காது, பணம் வீண்" என்பர். அவர்கள் கூற்றில் உண்மை உண்டு. மூன்று வயதிற்கு முன் நிகழ்ந்தவற்றைப் பெரும்பாலோரால் பின்னாளில் நினைவுகூர இயலுவதில்லை. வானுயர்ந்த கோபுரங்களையும் கேளிக்கைப் பூங்காக்களையும் காட்டுவதே நோக்கம் என்றால், குழந்தை வளரும்வரை காத்திருப்பதே நன்று. கோபுரம் எங்கும் போய்விடாது. ஆனால் கொள்ளுப்பாட்டி அப்படியே காத்திருப்பார் என்று சொல்ல இயலுமா? குழந்தை மறந்தாலும், அதனை மடியில் வைத்துக் கொஞ்சிய முதியவர் மறவார். பயணத்தின் பயனைக் குழந்தையின் நினைவைக் கொண்டு மட்டும் அளப்பது முறையன்று.

"நம் முன்னோர் இதைவிடத் துன்பப்பட்டுக் கடல் கடந்தனர்" என்று சொல்லி ஊக்குவிப்போரும் உளர். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்னும் கப்பல், சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் பல்லாண்டுக் காலம் பயணிகளை ஏற்றிச் சென்றது. ஏழை எளியோர் கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் பயணம் செய்தனர். கைக்குழந்தையுடன் சென்ற தாய்மாரும் அவர்களுள் இருந்தனர். அவர்கள் பிழைப்பிற்காகச் சென்றனர். வேறு வழி அவர்களுக்கு இல்லை. இன்றைய பெற்றோர் காலத்தையும் முறையையும் தேர்ந்தெடுக்க வல்லவர்கள். முன்னோரின் மன உறுதி போற்றத்தக்கது. ஆயினும், அவர்கள் பட்ட துன்பத்தைத் தேவையின்றிக் குழந்தையின்மேல் சுமத்துதல் தகாது.

அவ்வாறாயின் எப்போது செல்லலாம்? மூன்று கேள்விகளுக்கு விடை கண்டால் போதும்.

முதலாவது, அங்கே காத்திருப்பவர் யார்? காண வேண்டிய உறவு இருந்தால் பயணத்திற்குப் பொருள் உண்டு. இரண்டாவது, கடன் வாங்காமல் செல்ல இயலுமா? விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும். செலவு போக, மருத்துவத்திற்கென ஒரு தொகை கையில் எஞ்சுதலும் வேண்டும். அது இயலாவிடில் ஓராண்டு சேமித்துச் செல்வதில் இழுக்கில்லை. மூன்றாவது, குழந்தையின் உடல்நிலை ஏற்றதா? நம் நாட்டுத் தடுப்பூசி அட்டவணைப்படி தட்டம்மைக்கான இரண்டாம் தவணை பதினாறு முதல் இருபத்து நான்கு மாதங்களுக்குள் இடப்படுகிறது. அதனை முடித்து, மருத்துவரின் கருத்தையும் கேட்ட பின்னரே புறப்படுதல் நலம்.

புறப்படத் துணிந்த குடும்பம் முதலில் குழந்தைக்குத் தனிக் கடவுச்சீட்டு பெற வேண்டும். திருப்பதியிலேயே அதற்கான சேவை மையம் உள்ளது. சிறு குழந்தைக்கு வழங்கப்படும் கடவுச்சீட்டு ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். இந்தியர்கள் முப்பது நாள் வரை தங்குவதற்கு நுழைவிசைவு தேவையில்லை என 2023 டிசம்பர் முதல் மலேசியா அறிவித்துள்ளது. இத்தகைய விதிகள் மாறக்கூடியவை ஆதலால், புறப்படுமுன் மீண்டும் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

பயணத்தின் வேகத்தைக் குழந்தையே முடிவு செய்யட்டும். சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரப் பறத்தல். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பால் அருந்தச் செய்தால், விழுங்கும் செயலால் காதடைப்பு குறையும். மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. ஆகவே முதலிரு நாள்கள் குழந்தையின் உறக்கம் மாறும். நாளுக்கு ஓர் ஊர் என்று அலையாமல் உறவினர் வீட்டிலேயே தங்கினால் விடுதிச் செலவும் மிஞ்சும், குழந்தையும் களைப்படையாது, முதியவருடன் இருக்கும் நேரமும் கூடும்.

சுருங்கக் கூறின், மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகச் செல்லவும் வேண்டா. நினைவிருக்காது என்பதற்காகத் தவிர்க்கவும் வேண்டா. காட்சிகளுக்காக எனில் காத்திருக்கலாம். மனிதர்களுக்காக எனில், கடனின்றிச் செல்ல முடியுமாயின், தள்ளிப்போடாமல் செல்வதே சிறந்தது. குழந்தை வளர்ந்தபின் கொள்ளுப்பாட்டியின் முகத்தை நினைவிலிருந்து சொல்லாது. ஆயினும், அவர் மடியில் தான் அமர்ந்திருந்த கதையைப் பெற்றோர் சொல்லக் கேட்டு, கடலுக்கு அப்பாலும் தன் உறவு இருந்தது என்பதை அறிந்துகொள்ளும்.

சிந்தித்து எழுதுக

1. குறைந்த கட்டணம் மட்டுமே பயணத்திற்குக் காரணம் ஆகாது என்பதற்குக் கட்டுரை கூறும் சான்றுகள் யாவை?
2. 'கோபுரம் எங்கும் போய்விடாது' என்னும் தொடரின் கருத்தை விளக்குக.
3. தொலைவில் வாழும் உன் உறவினர் ஒருவரைக் காணச் செல்ல எண்ணினால், உன் குடும்பம் எவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும்? கட்டுரையின் கருத்துடன் நீ மாறுபடினும் காரணம் காட்டிப் பத்து வரிகளில் எழுதுக.