கேம் பதிவுக்கு எந்த கம்ப்யூட்டர்?

கம்ப்யூட்டரில் ஆடும் கேமைப் பதிவு செய்து யூடியூபில் போட ஆசைப்படும் பிள்ளைகளிடம் இன்றும் பலர் சொல்வது, 'விலை உயர்ந்த பிராசஸர் வாங்கு, கேப்சர் கார்டு வாங்கு' என்பதுதான். இது காலாவதியான ஆலோசனை. இதை நம்பிப் பெற்றோர் மாதத் தவணையில் மாட்டிக்கொள்ளத் தேவையே இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டாலே விஷயம் தெளிவாகிவிடும். ஃபுல் எச்டி திரையில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட், நொடிக்கு 60 படம் என்றால், சுருக்காமல் சேமிக்க நொடிக்கு 370 மெகாபைட் வேண்டும். ஒரு மணி நேர ஆட்டத்துக்கு 1.3 டெராபைட்! ஆக, பதிவு என்பதே வீடியோவைச் சுருக்கும் வேலைதான். ஒரு காலத்தில் கேமை ஓட்டிய பிராசஸரே இதையும் சுமந்தது. அதனால் ஆட்டம் திணறியது. 2011-ல் இன்டெல்லின் 'குயிக் சிங்க்', 2012-ல் என்விடியாவின் 'என்வென்க்' என்று சுருக்குவதற்கென்றே தனிச் சுற்று சிப்புக்குள் வந்துவிட்டது. நொடிக்கு 20 மெகாபிட் வைத்துப் பதிந்தால் மணிக்கு 9 ஜிபிதான் ஆகும். பழைய ஹார்டு டிஸ்க்கே அதைத் தாங்கும். பதிவு செய்யும் ஓபிஎஸ் மென்பொருளோ இலவசம்.

எனவே வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, அந்தச் சுருக்கும் சுற்று இருக்கிறதா என்பதே. எல்லா கிராபிக்ஸ் கார்டிலும் அது இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. என்விடியாவின் ஜிடி 1030-ல் அது கிடையாது. 2022-ல் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியிலும் இல்லை. இன்டெல் ஐ5-12400எஃப் பிராசஸரில் கடைசியில் நிற்கும் 'எஃப்', உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்பதைக் குறிக்கிறது. அதோடு குயிக் சிங்க்கும் போய்விடுகிறது. இந்த பிராசஸரையும் 6500 எக்ஸ்டியையும் சேர்த்து வாங்கினால், கேம் நன்றாக ஓடும். பதிவின் சுமை முழுக்க பிராசஸர் தலையில்தான் விழும். கொட்டேஷனில் ஒற்றை எழுத்தைக் கவனிக்காததன் விலை இது.

பிராசஸரை வைத்து நிதானமாகச் சுருக்கினால் படம் இன்னும் தெளிவாக இருக்குமே என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிவது குறைந்த வேகத்தில் நேரலை செய்யும்போது. டிஸ்க்கில் பதிபவர் பிட்ரேட்டை (நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பதை) கொஞ்சம் கூட்டிவிட்டால் போதும்; எப்படியும் யூடியூப் தன் பங்குக்கு மறுபடி சுருக்கத்தான் போகிறது. வேறு கருவியின் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் வாங்கித் தரும் கேப்சர் கார்டே வேண்டாமா என்றால், கன்சோலில் ஆடுபவர்களுக்கு அது நியாயமான செலவு. நின்டெண்டோ ஸ்விட்ச் தானாகப் பதிவது கடைசி 30 நொடிகளை மட்டுமே. ஆடுவதும் பதிவதும் ஒரே கம்ப்யூட்டரில் என்றால் அந்தக் கார்டுக்கு வேலையில்லை.

மிச்சமாகும் பணத்தில் நல்ல மைக் ஒன்று வாங்கலாம். படம் சற்று மங்கினால் பொறுத்துக்கொள்ளும் பார்வையாளர், இரைச்சலான குரலைச் சகிப்பதில்லை. அடுத்தது யூபிஎஸ். வழக்கமான எம்பி4 கோப்பில் பதியும்போது பாதியில் மின்சாரம் போனால், அதுவரை பதிந்ததும் திறக்காமல் போகும். எம்கேவியாகப் பதிந்தால் அந்த இழப்பு இல்லை. ஓபிஎஸ்ஸிலேயே பிறகு எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம். பெற்றோரே, புதிதாக எதையும் வாங்கும் முன் வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஓபிஎஸ்ஸை நிறுவி, அந்தச் சுருக்கும் சுற்று ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள்.