வசதிக்குச் சுமைகூலி கொடுப்பவர் யார்?

சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம் என்பது நம் முன்னோர் வாக்கு. வாங்கும் பொருளின் விலையைக் காட்டிலும் அதனைக் கொண்டுவந்து சேர்க்கும் செலவு அதிகமானால் வாங்கியவருக்கு இலாபம் ஏது என்பது அதன் கருத்து. அரச அலுவலகங்களும் வங்கிகளும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் இணையவழிச் சேவை, செயலி, குறுஞ்செய்தி என்று வசதிகளை அடுத்தடுத்து அறிமுகப்படுத்திவரும் இக்காலத்தில், யாழ்ப்பாணத் தீவகத்தின் முதியோர் இப்பழமொழியின் உண்மையை நாளாந்தம் உணர்ந்து வருகின்றனர். சேவை இலவசம் என்கிறார்கள். ஆனால் அச்சேவையைப் பெறுவதற்கு வேண்டிய கருவி, இணைப்பு, போக்குவரத்து, உதவியாள் ஆகிய அனைத்துக்கும் விலை உண்டு. அந்தச் சுமைகூலியை யார் கொடுப்பது என்ற கேள்வியை இனியும் தட்டிக்கழிக்க முடியாது.

காரைநகரை எடுத்துக்கொள்வோம். பொன்னாலைப் பாலம் வழியாகக் குடாநாட்டுடன் தரைத் தொடர்பு இருப்பதால், நெடுந்தீவு, நயினாதீவு மக்களைப்போல் இங்குள்ளோர் படகையும் கடலின் நிலையையும் நம்பியிருக்க வேண்டியதில்லை. எனினும் யாழ். நகருக்குச் சென்று ஓர் அலுவலை முடித்துத் திரும்புவதற்குள் ஒரு பகற்பொழுது கழிந்துவிடும். வணிகத்தின் பொருட்டு இலங்கையின் மூலைமுடுக்கெங்கும் பரந்து சென்ற பெருமை காரைநகர் மக்களுக்கு உண்டு. பின்னர் போரும் இடப்பெயர்வும் அடுத்த தலைமுறையை லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் கொண்டு சென்றன. பல வீடுகளில் இன்று விளக்கேற்றுவோர் முதியவர்களே. பிள்ளைகள் கடல் கடந்து இருக்க, பெற்றோர் மட்டும் வளவைக் காத்திருக்கும் ஊர்களுக்குத் தொழில்நுட்பம் பெருந்துணையாக அமைந்திருக்க வேண்டும்.

ஒருவகையில் அது துணையாகவே அமைந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. கடிதத்திற்காக வாரக்கணக்கிற் காத்திருந்த தாய்மார் இன்று பேரப்பிள்ளைகளின் முகத்தைக் கைத்தொலைபேசியிற் கண்டு மகிழ்கின்றனர். நெடுந்தீவிலிருந்து ஒரு படிவத்தைக் கையளிப்பதற்காகக் குறிகட்டுவான் வரை படகிலும், அங்கிருந்து யாழ்ப்பாணம் வரை பேருந்திலும் அலையும் ஒருவருக்கு, அவ்வலுவலை வீட்டிலிருந்தே முடிக்கும் வழி கிடைக்குமாயின் அதைவிடப் பெரிய நன்மை வேறில்லை. இணையவழிச் சேவையால் நாட்டில் மிகுதியான பயனை அடைய வேண்டியவர்கள் தீவக மக்களே. அதனாற் பெரிதும் அல்லற்படுவோரும் அவர்களாகவே இருப்பதுதான் முரண்.

வரி விவகாரத்தை உதாரணமாகக் கொள்ளலாம். 18 வயதுக்கு மேற்பட்டோர் வரி செலுத்துனர் அடையாள இலக்கம் பெற வேண்டும் என்ற அறிவிப்பு 2024 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரல் 1 ஆம் திகதி முதல் வைப்பு வட்டி மீதான பிடித்துவைத்தல் வரி 5 வீதத்திலிருந்து 10 வீதமாக உயர்த்தப்பட்டது. ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாதோர் வங்கியிற் சுயவெளிப்படுத்துகை வழங்கி விலக்குப் பெறலாம் எனவும் கூறப்பட்டது. வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய பணத்தையும் தமது சேமிப்பையும் சேர்த்து 10 இலட்சம் ரூபாவை வைப்பிலிட்டிருக்கும் ஒரு முதியவரை எண்ணிப் பாருங்கள். வட்டி 8 வீதம் எனக் கொண்டால் அவருக்கு ஆண்டுக்குக் கிடைப்பது 80 ஆயிரம் ரூபா. அதில் 8 ஆயிரம் ரூபா வரியாகக் கழிக்கப்படும். அவர் வரி செலுத்தக் கடமைப்பட்டவர் அல்லர். எனினும் கடமைப்பட்டவர் அல்லர் என்பதை நிரூபிக்க அவரே இலக்கம் பெற்று, படிவம் நிரப்பி, வங்கிக்கு நடக்க வேண்டும். இயலாதவர் தம்முடைய பணத்தை இழப்பார். சட்டம் விலக்களித்த ஒருவருக்கு நடைமுறை அவ்விலக்கை மறுத்துவிடுகின்றது.

இத்தகைய வேளைகளிற் கடல் கடந்த பிள்ளையின் உதவியே நாடப்படுகின்றது. ரொறன்ரோவில் இரவு விழித்திருந்து மகன் தந்தையின் விபரங்களைக் கணினியிற் பதிகிறார். உறுதிப்படுத்தும் ஒருமுறைக் கடவு இலக்கமோ காரைநகரிலுள்ள தந்தையின் தொலைபேசிக்கு வருகின்றது. கண்ணாடியைத் தேடியெடுத்து, ஆங்கிலக் குறுஞ்செய்தியைத் திறந்து, இலக்கங்களை ஒவ்வொன்றாக அவர் வாசித்துச் சொல்வதற்குள் அதற்குரிய நேரம் முடிந்துவிடுகின்றது. இந்த இலக்கத்தை எவருக்கும் சொல்லாதீர்கள் என்று வங்கிகள் எச்சரிக்கின்றன. மோசடிகள் பெருகியிருக்கும் சூழ்நிலையில் அவ்வெச்சரிக்கை மிக அவசியமானதே. ஆனால் எவருக்கேனும் சொல்லாமல் அம்முதியவராற் சேவையைப் பெறவே முடிவதில்லை. பாதுகாப்பு விதியைக் கைக்கொண்டால் சேவை இல்லை. சேவையை நாடினால் பாதுகாப்பு இல்லை. வாசிக்கத் தெரிந்த, கண்பார்வை குன்றாத, விரல் நடுங்காத ஒருவரை மனதில் வைத்தே இந்த ஏற்பாடுகள் வகுக்கப்பட்டுள்ளன என்பது இதனாற் புலனாகின்றது.

பெயர்ச் சிக்கல் மற்றொன்று. நமது பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுவதற்கு நிலையான முறை கிடையாது. பிறப்புச் சான்றிதழில் ஒருவகை, அடையாள அட்டையில் வேறுவகை, வங்கிப் புத்தகத்தில் இன்னொருவகை என்று ஒரே பெயர் மூன்று வடிவங்களில் இருப்பது நமக்குப் புதிதன்று. கருமபீடத்தில் அமர்ந்திருக்கும் எழுதுவினைஞர் ஆளைப் பார்த்து, தமிழில் எழுதிய பெயரை வாசித்து, இருவரும் ஒருவரே எனத் தெளிவார். கணினிக்கோ ஓர் எழுத்து மாறினால் ஆளே வேறு. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988 ஆம் ஆண்டின் 16 ஆவது திருத்தம் நிருவாகத்தில் அதற்குரிய இடத்தை விரித்துரைத்தது. கடிதங்களிலும் பெயர்ப்பலகைகளிலும் அவ்வுரிமையை வலியுறுத்திவந்த நாம், கைத்தொலைபேசித் திரையில் அது நழுவிச் செல்வதைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்றே கூற வேண்டும்.

செலவின் பக்கத்தையும் நோக்குவோம். பொருளாதார நெருக்கடியின்போது, 2022 செப்டெம்பரில், கைத்தொலைபேசி, நிலையான தொலைபேசி ஆகியவற்றின் கட்டணங்கள் 20 வீதத்தாலும் கட்டணத் தொலைக்காட்சியின் கட்டணங்கள் 25 வீதத்தாலும் உயர்த்தப்படுவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு அனுமதியளித்தது. அதே ஆண்டில் பெறுமதி சேர் வரி 8 வீதத்திலிருந்து 12 ஆகவும் பின்னர் 15 ஆகவும் உயர்ந்தது. 2024 ஜனவரி 1 ஆம் திகதி முதல் அது 18 வீதமாகியது. மின்கட்டணமோ 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதத்தாலும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதத்தாலும் கூட்டப்பட்டு, அதன்பின் பலமுறை ஏறியும் இறங்கியும் வந்துள்ளது. ஓய்வூதியம் இந்த வேகத்தில் உயரவில்லை.

இவற்றோடு கால எல்லை என்ற ஏற்பாடும் சேர்ந்துகொள்கிறது. முற்கொடுப்பனவு செய்து பெற்ற தரவில் எஞ்சியது, குறித்த நாட்கள் கடந்ததும் இல்லாதொழிந்துவிடுகின்றது. கடையில் வாங்கிய அரிசி தீரவில்லை என்பதற்காகக் கடைக்காரர் மாத முடிவில் வீட்டுக்கு வந்து அதனை அள்ளிச் செல்வதில்லை. அவ்வாறு செய்தால் ஊரே திரண்டு நியாயம் கேட்கும். கண்ணுக்குத் தெரியாத பண்டம் என்பதால் இங்கு கேள்வி எழுவதில்லை. பழைய கைத்தொலைபேசியின் கதையும் இத்தகையதே. கருவி பழுதின்றி இயங்கும். ஆனால் புதிய பதிப்பு வேண்டுமெனச் செயலி அடம்பிடிக்கும். அலுவலகத்தின் தேவைக்காக முதியவர் புதுக் கருவி வாங்க வேண்டியதாகின்றது.

கருவியும் இணைப்பும் இருந்தாற்கூட மின்சாரம் இருக்க வேண்டுமே. அரச கட்டணங்களை இணையவழியிற் செலுத்துவதற்கான கவ்பே திட்டம் 2025 பெப்ரவரி 7 ஆம் திகதி ஆரம்பித்து வைக்கப்பட்டது. இரண்டு நாட்களின் பின்னர், பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியுடன் தொடுகையுற்றமையே காரணம் என வலுசக்தி அமைச்சர் தெரிவித்தமை உலகெங்கும் நகைப்புக்கிடமாகியது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின்போது பல மாவட்டங்களிற் தொலைத்தொடர்பு செயலிழந்து, உறவினர் உயிருடன் இருக்கின்றனரா என்பதை அறியவும் வழியின்றி மக்கள் தவித்தனர். திட்டம் தவறென்பது இதன் பொருளன்று. ஒரே கயிற்றில் அனைத்தையும் தொங்கவிடும் நாடு, அக்கயிறு அறும் நாளுக்கும் வழிசெய்து வைக்க வேண்டும் என்பதே இவற்றிலிருந்து பெறவேண்டிய பாடமாகும்.

வழிசெய்ய முடியும் என்பதற்கு நம் கண்முன்னே சான்று உண்டு. 2022 ஜூலையில் எரிபொருள் வரிசைகள் மைல்கணக்கில் நீண்டபோது கியூ.ஆர். குறியீட்டு முறை அறிமுகமானது. அடுத்த ஆண்டு செப்டெம்பர் 1 ஆம் திகதி அக்கட்டுப்பாடு நீக்கப்படும் வரை அது பெரும்பாலும் ஒழுங்காகவே இயங்கியது. அதன் வெற்றிக்கு ஒரு சிறு காரணம் உண்டு. குறியீட்டைக் காகிதத்தில் அச்சிட்டு வைத்திருந்தாலே போதும். நவீன கைத்தொலைபேசி இல்லாதவரும் அயலவரின் உதவியுடன் ஒருமுறை பதிவுசெய்து, அச்சிட்ட தாளைப் பையில் வைத்துக்கொண்டு எரிபொருள் பெற்றார். கணினி வேலையை நிலையம் செய்தது. மக்கள் தாளைக் காட்டினர். சுமை எப்பக்கம் இருக்க வேண்டுமோ அப்பக்கம் இருந்தமையால் அத்தொழில்நுட்பம் மக்களுக்குப் பயன்பட்டது.

இவையெல்லாம் வறிய நாட்டின் குறைபாடுகள், அமெரிக்காவிற் போய்ப் பார் என்று சிலர் கூறக்கூடும். அங்கு வாழும் நம்மவரைக் கேட்டால், தொலைபேசியில் ஒரு மனிதக் குரலைக் கேட்பதற்குள் பத்து இலக்கங்களை அழுத்த வேண்டியிருக்கிறது என்றும், சந்தாவிற் சேர்வது எளிது, விலகுவது அரிது என்றும் அலுத்துக்கொள்வார்கள். சேர்வதைப் போலவே விலகுவதும் எளிதாக இருக்க வேண்டும் என்ற விதியை அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 2024 ஒக்டோபரில் நிறைவேற்றியது. நடைமுறைக் குறையைக் காரணங்காட்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2025 ஜூலையில் அவ்விதியை இரத்துச் செய்துவிட்டது.

ஆயினும் தொழில்நுட்பத்தின் தாயகம் எனப்படும் அந்நாட்டில் எதிர்க்குரலும் உண்டு. வணிக நிலையங்கள் காசை ஏற்க மறுக்கலாகாது என்ற சட்டம் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் 1978 ஆம் ஆண்டிலிருந்தே நடைமுறையில் உள்ளது. நியூ ஜேர்சி மாநிலமும் பிலடெல்பியா நகரமும் 2019 இலும் நியூயோர்க் நகரம் 2020 இலும் அத்தகைய சட்டங்களை இயற்றின. அட்டையும் செயலியும் இல்லாத ஏழைகளும் முதியோரும் கடை வாசலில் தடுக்கப்படலாகாது என்பதே அவற்றின் நோக்கம். 2025 மார்ச்சில் அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிருவாகம், தொலைபேசியில் அடையாளத்தை உறுதிப்படுத்தும் வழியை மூடி, முதியோரை இணையத்திற்கோ அலுவலகத்திற்கோ அனுப்ப முனைந்தது. எதிர்ப்பு வலுத்ததும் ஏப்ரலில் அதிலிருந்து பின்வாங்கியது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அங்கும் இங்கும் அடிப்படை ஒன்றே. கருமபீடத்தில் ஓர் ஊழியர் பத்து நிமிடங்களிற் செய்த வேலையை இன்று வாடிக்கையாளரே தம் கருவியில், தம் செலவில், தம் நேரத்திற் செய்கின்றார். நிறுவனத்தின் கணக்கில் அது சிக்கனமாகப் பதியப்படுகின்றது. காரைநகர் முதியவரின் பேருந்துச் செலவும், தொடர்பாடல் நிலையத்துக்குக் கொடுத்த காசும், வீணான நாளும் எந்தக் கணக்கிலும் பதியப்படுவதில்லை. செலவு குறையவில்லை, கைமாறியிருக்கின்றது. அதுவும் தாங்கும் வலிமை குறைந்தவரின் கைக்கு மாறியிருக்கின்றது.

ஆகவே, எண்ணிம இலங்கை பற்றிப் பேசும் அரசாங்கம் சில அடிப்படைகளை உறுதிசெய்ய வேண்டும். இணையவழியில் வழங்கப்படும் ஒவ்வோர் அரச சேவைக்கும், மேலதிகக் கட்டணமின்றி, கருமபீட வழியும் தொலைபேசி வழியும் தொடர்ந்திருக்க வேண்டும். குறுஞ்செய்திகளும் படிவங்களும் வாடிக்கையாளர் தெரிவுசெய்யும் மொழியில் அமைய வேண்டும். முதியவர் ஒருவர் தம் பிள்ளையை அல்லது நம்பிக்கைக்குரிய ஒருவரை உதவியாளராக முறைப்படி பதிவுசெய்ய வங்கிகள் இடமளிக்க வேண்டும். அவ்வாறாயின் கடவு இலக்கத்தைக் களவாகச் சொல்லும் அவலம் நீங்கும். அஞ்சலகங்களிலும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களிலும், வாரத்தில் ஒரு நாளேனும், படிவம் நிரப்பிக் கொடுக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் அமர்த்தப்பட வேண்டும். தரவின் கால எல்லை பற்றி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு நுகர்வோர் பக்கம் நின்று ஆராய வேண்டும். இவற்றுள் எதுவும் கோடிக்கணக்கிற் செலவை வேண்டுவதன்று.

பிரதேச சபை உறுப்பினர்களும் பாராளுமன்றப் பிரதிநிதிகளும் வீதி, குடிநீர், இறங்குதுறை ஆகியவற்றுக்காகக் குரல் கொடுப்பது போல் இதற்காகவும் குரல் கொடுக்கக் கடமைப்பட்டுள்ளனர். புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்களும் கட்டடங்களுக்கு வழங்கும் நன்கொடையில் ஒரு பங்கை இத்தகைய உதவி நிலையங்களுக்கு ஒதுக்குவது பற்றிச் சிந்திக்கலாம். போரையும் இடப்பெயர்வையும் தாங்கி மீண்டும் ஊர் திரும்பிய தலைமுறை அது. தன் சொந்தப் பணத்தைப் பெறுவதற்குத் தன் சொந்த மண்ணில் பிறரிடம் கையேந்தும் நிலைக்கு அத்தலைமுறையைத் தள்ளுவது எந்த முன்னேற்றத்தின் பெயராலும் ஏற்கத்தக்கதன்று.