வழிப்பறியும் பயணக் கட்டுரையும்

தமிழில் ஒருவகைப் பயணக் கட்டுரை இப்போது பெருகிவருகிறது. எழுதுபவர் நகரத்தில் நல்ல வேலையில் இருப்பவர். ஒருநாள் அலுப்புத் தட்டி, கியர் வைத்த சைக்கிளில் இரண்டு பைகளைக் கட்டிக்கொண்டு தனியாகக் கிளம்புகிறார். நெடுஞ்சாலையைத் தவிர்த்துச் சிற்றூர்களின் வழியே போகிறார். ஒவ்வோர் ஊரிலும் ஒரு கடை, ஒரு மறக்கவியலாத ருசி, பெயர் கேட்கப்படாத ஒரு பாட்டி, அந்தப் பாட்டி காசு வாங்க மறுத்த ஒரு டம்ளர் மோர். கடைசிப் பத்தியில் அவர் தம்மைத் தாமே கண்டடைந்துவிடுகிறார். இக்கட்டுரைகள்மீது எங்களுக்குள்ள மறுப்பைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். வசதிக்காக ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறோம்: திருமுருகன்பூண்டி.

அவினாசியிலிருந்து திருப்பூர் செல்லும் சாலையில், அவினாசிக்கு ஐந்து கிலோமீட்டர், திருப்பூருக்கு எட்டுக் கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஊர் அது. சைக்கிளில் கடக்கக் கால்மணி நேரம்கூட ஆகாது. அந்தக் கால்மணி நேரத்தில் பார்க்கத் தவறியவை எவை என்பதே எங்கள் வழக்கு. இவ்வூரைத் தேர்ந்துகொள்ள இன்னொரு காரணமும் உண்டு. வழியில் தமக்கு நேர்ந்த இழப்பைப் பாடிவைத்த பழைய பயணி ஒருவர் இந்த ஊரைக் கடந்திருக்கிறார்.

சுந்தரர் சேரமான் பெருமாளிடம் விருந்தினராகத் தங்கிவிட்டு, அவர் அளித்த பெரும்பொருளோடு ஆரூருக்குத் திரும்புகிறார். கொங்குநாட்டு வழியில், இவ்வூருக்கு அருகே, வேடர்கள் மறித்து அத்தனையையும் பறித்துக்கொள்கிறார்கள். வேடராக வந்தவை சிவபூதங்களே என்பது பெரியபுராணம் தரும் செய்தி. பறிகொடுத்தவர் கோயிலுக்குப் போய்ப் பாடுகிறார். ஏழாம் திருமுறையின் 49ஆம் பதிகம் அது. பொருள் திரும்பக் கிடைக்கிறது.

பக்தி இலக்கியமாகவே படித்துப் பழகிய அப்பதிகத்தை ஒரு வழிப்போக்கரின் குறிப்பாகவும் படித்துப் பார்க்கலாம். அது ஒரு புகார் மனு. வழியே வருபவரை மிரட்டி அடித்து உடுத்த துணியையும் பறிக்கும் இந்த இடத்தில் உமக்கு என்ன வேலை என்று கடவுளிடமே சண்டைக்கு நிற்கிறது. ஊரில் கமழும் முல்லையையும் வழிப்பறியையும் ஒரே பாட்டில் வைக்கிறது. சுந்தரர் இங்கே தம்மைக் கண்டடையவில்லை. ஊரைக் கண்டார், அதில் யார் யாரை என்ன செய்கிறார்கள் என்று கண்டார், அதற்குப் பொறுப்பானவர் யாரோ அவரிடம் கணக்குக் கேட்டார். வேடர் தரப்பு அதில் இல்லை என்பது குறைதான். அந்தக் குறையைத் தீர்க்க நமக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் இருந்தன.

தீர்த்தோமா? இன்றைய சைக்கிள் பயணியிடம் யாரும் எதையும் பறிப்பதில்லை. ஊர் அவருக்குத் தண்ணீர் தருகிறது, நிழல் தருகிறது, வழி சொல்கிறது. பறிப்பவர் இடம் மாறிவிட்டார். அன்று வழிப்போக்கரிடமிருந்து பொருள் போயிற்று. இன்று வழிப்போக்கர் ஊரிடமிருந்து ருசியையும் முகங்களையும் எடுத்துக்கொண்டு, திருப்பித் தருவதற்கு எதுவுமின்றிப் போய்விடுகிறார். கடுமையான வார்த்தைதான். அதற்கான சான்றுகளைப் பார்ப்போம்.

முதலில் சாலை. திருமுருகன்பூண்டி கல் சிற்பங்களுக்குப் பேர்போன ஊர். சாலையோரக் கூடங்களில் நாள் முழுதும் உளிச்சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். கருங்கல் தூசி நுரையீரலை என்ன செய்யும் என்பது மருத்துவம் நெடுங்காலமாக அறிந்தது. அங்கிருந்து திருப்பூரை நோக்கி மிதித்தால் அனுப்பர்பாளையம். பித்தளை, செம்பு, எவர்சில்வர் பாத்திரத் தொழிலின் ஊர். உணவைப் பற்றி எழுதப் புறப்பட்டவர் அண்டாவும் குண்டானும் அடித்தெடுக்கும் பட்டறைகளைத் தாண்டிப் போகிறார். பிறகு எங்கோ ஒரு நெடுஞ்சாலையோரக் கும்பகோணம் டிகிரி காபிக் கடையில் நின்று பித்தளை டபராவின் அழகைப் படம் பிடித்துக்கொள்கிறார். பாத்திரம் ஓரிடத்தில் ஒருவர் கையில் அடிபட்டு உருவாகிறது என்பது அவர் கட்டுரைக்குள் நுழைவதேயில்லை.

இனி உணவு. கொங்குநாட்டுச் சமையல் என்று ஒரு பட்டியல் நிலைபெற்றுவிட்டது: அரிசிம்பருப்புச் சாதம், சந்தகை, கொள்ளுப் பருப்பு, ராகிக் களி, கம்பங்கூழ், பள்ளிபாளையம் சிக்கன். பட்டியலோடு எங்களுக்குச் சண்டை இல்லை. எங்கள் வீடுகளில் அவற்றை உண்டே வளர்ந்தோம். ஆனால் பயணி அந்தப் பட்டியலோடு ஊருக்குள் வருகிறார். அதிலுள்ளது கிடைத்தால் மண்ணின் ருசி என்கிறார். கிடைக்காமல் பரோட்டாக் கடையே எதிர்ப்பட்டால் சிற்றூர்களும் கெட்டுவிட்டன என்கிறார்.

கெடுக்க வந்தவர்கள் யார்? பின்னலாடை நிறுவனங்களில் ஓவர்லாக், பேட்லாக் இயந்திரங்களின் முன் அமர்ந்திருப்பவர்களில் பெரும்பகுதியினர் பிழைப்புத் தேடி வந்தவர்கள். முதலில் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்தார்கள். பிறகு ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வந்தார்கள். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவில் அறைக்குத் திரும்புபவருக்குக் களி கிண்ட நேரம் ஏது? பேக்கரியில் டீயும் பன்னும், தள்ளுவண்டியில் காளான், கடையில் பரோட்டா என்று அவருடைய பசிக்கு இந்தப் பகுதி விடை கண்டுபிடித்தது. அந்தக் காளானில் காளானைவிட முட்டைக்கோஸே மிகுதி என்பது தின்பவர் அனைவருக்கும் தெரியும். தெரிந்தே வரிசையில் நிற்கிறார்கள். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும் கடைகள் கொள்ளும் கோலத்தைப் பார்க்காதவருக்குத் திருப்பூரின் உணவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? மளிகைக் கடைகளில் நல்லெண்ணெய்க்குப் பக்கத்தில் கடுகெண்ணெய் புட்டி அமர்ந்துவிட்டது. ஓர் அறையில் நான்கைந்து பேராகத் தங்கி, முறைவைத்துச் சமைத்துக்கொள்ளும் சோறும் உருளைக்கிழங்கும் இவ்வூரின் உள்ளூர் உணவே. தின்பவர்கள் இங்கே வாழ்கிறார்கள். வேறென்ன சான்று வேண்டும்?

கம்பங்கூழைத் தேடுபவர் இன்னொன்றையும் கேட்டிருக்க வேண்டும்: கம்பு எங்கே போயிற்று? திருப்பூரின் ஊடே ஓடும் நொய்யலில் சாயக்கழிவு பல்லாண்டுகள் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை சாயநீர் தேங்கும் குட்டையானது. கீழ்ப்பகுதி உழவர்கள் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது; கழிவுநீரை முற்றிலும் வெளியேற்றாத முறைக்கு மாறிய பின்னரே இயங்கலாம் என்றது. அப்போது வேலையிழந்த தொழிலாளரும், அதற்கு முன்பே நிலமிழந்த உழவரும் ஒரே நதியின் இரு கரைகளில் நின்றார்கள். கம்பும் சோளமும் தட்டிலிருந்து விலகியதற்கு ரேஷன் அரிசி தொடங்கிப் பல காரணங்கள் உண்டு. நீரும் நிலமும் கெட்டது அவற்றில் ஒன்று. நாக்கு மாறிய கதையை மட்டும் சொல்லிப் புலம்பினால் ஆறு செத்த கதை மறைந்துபோகிறது.

சைக்கிளுக்கு வருவோம். இப்பகுதியில் சைக்கிள் மிதிப்பது சாகசமாக ஒருநாளும் இருந்ததில்லை. ஷிப்டுக்குப் போகவும், கேரியரில் மூட்டை கட்டவும், டீ கேனைப் பட்டறை பட்டறையாகக் கொண்டுசெல்லவும் அது பயன்பட்டது. வாடகை சைக்கிளில் குரங்கு பெடல் போட்டுக் கற்றவர்கள்தாம் நாங்களும். தமிழ்நாட்டில் சைக்கிளுக்கு ஒரு வீரக்கதை உண்டென்றால் அது புதுக்கோட்டையில் நடந்தது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே அந்த மாவட்டத்தின் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிகளும் ஊராரின் கேலியைப் பொருட்படுத்தாமல் மிதித்தார்கள். அவர்கள் எந்தத் தூரத்தையும் கடந்து காட்டவில்லை. சந்தைக்கும் தண்ணீருக்கும் யாரையும் எதிர்பாராமல் போய்வந்தார்கள். பிற்பாடு அரசு மாணவியருக்கும் மாணவருக்கும் விலையில்லா சைக்கிள் வழங்கியபோது அந்தப் போய்வருதல் பள்ளிக்கூடம் வரை நீண்டது.

அதே கொங்குச் சாலைகளில் நூற்பாலைகளின் நெடிய மதில்களையும் நம் பயணி கடந்திருப்பார். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் திருமணத்துக்குப் பணம் சேரும் என்று சொல்லி அழைத்துவரப்பட்ட இளம்பெண்கள் அத்தகைய மதில்களுக்குள் விடுதிகளில் இருந்தார்கள். வேலை முடிந்து வெளியே ஒரு டீ குடிக்கவும் அனுமதி வேண்டியிருந்தவர்கள் அவர்கள். தன்னந்தனியே, நினைத்த இடத்தில் நின்று, நினைத்ததைத் தின்று போகும் உரிமை இந்த நாட்டில் எவ்வளவு அரிய பொருள் என்பதை அந்த மதில் சொல்லும். அதைக் கையில் வைத்திருப்பவர் அது தம் துணிச்சலின் விளைவு என்று எழுதும்போது எங்களுக்குப் பொறுக்கவில்லை.

2020 மே மாதம், பொதுமுடக்கத்தின்போது, ஜோதி குமாரி என்ற பதினைந்து வயதுச் சிறுமி காயம்பட்ட தந்தையைக் கேரியரில் அமர்த்திக்கொண்டு குருகிராமிலிருந்து பிகாரின் தர்பங்காவுக்குச் சைக்கிள் மிதித்தாள். ஏறக்குறைய 1200 கிலோமீட்டர். நாடு மெச்சியது. இந்திய சைக்கிள் கூட்டமைப்பு தேர்வுக்கு அழைத்தது. வாஷிங்டனிலிருந்து அன்றைய அமெரிக்க அதிபரின் மகள் அதை அழகான செயல் என்று புகழ்ந்தார். வாடகையும் வேலையும் இல்லாமல், ஏற ஒரு பேருந்தும் இல்லாமல் துரத்தப்பட்ட ஒரு குடும்பம் சாதனையாளர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதே கோடையில் தமிழ்நாட்டிலிருந்தும் தொழிலாளர்கள் சைக்கிளில் வடக்கே புறப்பட்டார்கள். அவர்கள் வழியில் எந்த ஊரில் என்ன தின்றார்கள், யார் கொடுத்தார்கள், யார் கதவைச் சாத்தினார்கள் என்று எழுதியிருந்தால் இக்காலத்தின் மகத்தான சைக்கிள் பயண நூல் நமக்குக் கிடைத்திருக்கும்.

இதற்கு ஒரு மறுமொழி ஆயத்தமாக இருக்கும். பயணம் மகிழ்ச்சிக்கானது, அதன்மேல் ஏன் சமூகவியல் பாடத்தை ஏற்றுகிறீர்கள் என்பார்கள். மகிழ்ச்சியை நாங்கள் பழிக்கவில்லை. சைக்கிளின் வேகம் பார்ப்பதற்கு ஏற்ற வேகம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். காரில் போகிறவருக்குக் கிடைக்காத வாசனைகள், பேச்சுகள், வெயில் எல்லாம் சைக்கிளில் போகிறவருக்குக் கிடைக்கும். அவ்வளவும் கிடைத்தும் ஏன் பார்க்கவில்லை என்பதே கேள்வி. முன்னோர் பார்த்திருக்கிறார்கள். 1926இல் கல்கத்தாவிலிருந்து மூன்று நண்பர்களோடு சைக்கிளில் கிளம்பிய பிமல் முகர்ஜி பின்னர் தனித்து உலகைச் சுற்றி 1937இல் ஊர் திரும்பினார். கையில் காசில்லாத அவர் போன இடங்களில் வேலை செய்தே பயணத்தைத் தொடர்ந்தார். வேலை செய்தவருக்கு வேலை செய்பவர்களைத் தெரியாமல் போகாது. நம் ஏ.கே. செட்டியாரோ உலகம் சுற்றியும் தம்மைப் பற்றிக் குறைவாகவே எழுதினார். சிட்டியும் தி. ஜானகிராமனும் காவேரியைத் தொடர்ந்து போய் எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’யில் சாப்பாடு உண்டு, நகைச்சுவை உண்டு, ஆனால் நூல் முழுவதும் நதியைச் சுற்றியே அமைந்திருக்கிறது. மகிழ்ச்சிக்கு எங்கே குறைவு வந்தது?

தனிப்பயணம் என்ற சொல்லையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிய பஞ்சர் கடைக்காரர், இரவில் மண்டபத் திண்ணையைக் காட்டியவர், கடை சாத்தும் நேரத்தில் மாவு மிச்சமிருக்கிறது என்று இரண்டு தோசை வார்த்துக் கொடுத்தவர் என்று வழியெங்கும் ஆட்கள். இவர்களில் ஒருவர் இல்லாவிட்டாலும் பயணம் பாதியில் நின்றிருக்கும். ஆனால் கட்டுரையில் வரும் ஒரே பெயர் சைக்கிள் கம்பெனியின் பெயர்.

சைக்கிளில் போகும் நண்பர்களிடம் எங்கள் கோரிக்கை சிறியது. அடுத்த முறை ஒரு கடையில் உட்கார்ந்தால் சமைத்தவரின் பெயரைக் கேளுங்கள். அவர் எந்த ஊரிலிருந்து எப்போது வந்தார் என்று கேளுங்கள். அருகில் அமர்ந்து தின்பவரிடம் ஷிப்ட் எத்தனை மணிக்கு முடிந்தது, பீஸுக்கு என்ன கூலி என்று விசாரியுங்கள். அவர் பேச விரும்பாவிட்டால் அதையும் மதித்து எழுதுங்கள். பக்கத்திலேயே இன்னொரு சைக்கிள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தால், அது எங்கிருந்து வருகிறது, நாள்தோறும் எத்தனை கிலோமீட்டர் போகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மொத்தத் தூரத்தைக் கட்டுரையின் தலைப்பில் போடும்போது அந்தக் கணக்கையும் உடன் வையுங்கள்.