கேப்ஸ் லாக்குக்கு டபுள் டியூட்டி

எல்லா ஆபீஸிலும் ஒருத்தர் இருப்பார். ஃபேனுக்கு நேர் கீழே, ஜன்னலோரமாக, பிரமாதமான இடம். என்ன வேலை செய்கிறார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. கீபோர்டில் அந்த ஆசாமியின் பெயர் கேப்ஸ் லாக்.

'ஏ' என்ற எழுத்துக்குப் பக்கத்து வீடு. இடது சுண்டுவிரலை லேசாக நகர்த்தினால் போதும். ஆனால், காப்பி, பேஸ்ட், சேவ் என்று நாள் முழுக்க உழைக்கிற கன்ட்ரோல் கீ கீழ் மூலையில் கிடக்கிறது. அதைத் தொட சுண்டுவிரல் மடங்கி, வளைந்து, கும்பிடு போட்டு இறங்க வேண்டும். எழுதிப் பிழைக்கிறவனுக்கு விரல்தான் மூலதனம். பி.காம். படிப்பில் மெஷினுக்குத் தேய்மானம் போடச் சொல்லிக் கொடுத்தார்கள். விரலுக்குச் சொல்லித் தரவில்லை.

ஆதியில் இப்படி இல்லை சார். 1981-ல் ஐ.பி.எம். பி.சி. வந்தபோது 'ஏ'க்குப் பக்கத்தில் இருந்தது கன்ட்ரோல்தான். கேப்ஸ் லாக், ஸ்பேஸ் பாருக்கு வலது பக்கம் ஒதுங்கியிருந்தது. 1980-களின் நடுவில் வந்த 101 கீ கீபோர்டில்தான் அதற்கு இந்த டிரான்ஸ்ஃபர் கிடைத்தது. எஸ்கேப் கீயின் கதையும் இதேதான். 1976-ல் பில் ஜாய் 'வி.ஐ.' எடிட்டரை எழுதிய டெர்மினலில், இன்று டேப் இருக்கும் இடத்தில் எஸ்கேப் இருந்தது. அதனால் அந்த எடிட்டரில் எதற்கெடுத்தாலும் எஸ்கேப். இன்று எஸ்கேப் மேல் மூலைக்குக் குடிபோய்விட்டது. எடிட்டரின் பழக்கம் மட்டும் மாறவில்லை.

லினக்ஸ்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கேப்ஸ் லாக்கைத் தட்டினால் எஸ்கேப். அழுத்திப் பிடித்தால் கன்ட்ரோல். ஒரே ஆள், இரண்டு உத்தியோகம்!

எப்படி? கீயை அழுத்துவது ஒரு சேதி, விடுவது இன்னொரு சேதி. கீபோர்டு இரண்டையும் தனித்தனியாக அனுப்புகிறது. கன்ட்ரோலை மட்டும் அழுத்தி விட்டால் பெரும்பாலும் ஒன்றுமே நடக்காது. அந்தக் காலி இடத்தில்தான் எஸ்கேப்பைக் குடிவைக்கிறார்கள். அழுத்தியதற்கும் விட்டதற்கும் நடுவில் வேறு கீ அழுத்தப்பட்டதா? கன்ட்ரோல். இல்லையா? எஸ்கேப். 'கீடி' என்ற இலவச புரோகிராமைப் போட்டு, அதன் கான்ஃபிக் ஃபைலில் 'கேப்ஸ்லாக்' என்பதற்கு எதிரே 'ஓவர்லோடு', அடைப்புக்குறிக்குள் 'கன்ட்ரோல், எஸ்க்' என்று ஒரு வரி எழுதினால் வேலை முடிந்தது.

ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் என் மச்சினன் இதைக் கேட்டதும் துள்ளினான்.

"அப்ப எழுத்துக் கீக்கும் இப்படியே வெச்சுடலாமே மாமா? 'ஏ'யைத் தட்டினா எழுத்து, பிடிச்சா கன்ட்ரோல்!"

"வெக்கலாம் மாப்ளே. ஆனா நீ டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவன். அதான் ஆபத்து."

வேகமாக டைப் அடிப்பவர்கள் ஒரு கீயை முழுசாக விடுவதற்குள் அடுத்ததை அழுத்திவிடுவார்கள். இங்கிலீஷில் 'அவார்டு' என்று அடிக்கிறீர்கள். 'ஏ' மேலே வருவதற்குள் 'டபிள்யூ' இறங்கிவிடுகிறது. கம்ப்யூட்டர் அதை கன்ட்ரோல்-டபிள்யூ என்று படிக்கும். பிரவுஸரில் அந்தப் பக்கமே மூடிக்கொள்ளும். ஒரு மணி நேரம் நிரப்பிய ஃபாரம் கோவிந்தா! இதைத் தடுக்க, 200 மில்லி செகண்ட் காத்திருந்து முடிவு செய் என்று சொல்லலாம். அப்புறம் எழுத்தெல்லாம் காலதாமதமாக வரும். ஆகவே, தனியாக அழுத்தினால் எதுவும் செய்யாத கீக்குத்தான் டபுள் டியூட்டி சுகப்படும்.

தமிழ்நாடு அரசு 1999-ல் கொண்டுவந்த தமிழ்99 கீபோர்டிலும் ஒரே கீ இரண்டு வேலை செய்கிறது. தனியாக அடித்தால் 'ஆ'. 'க'வுக்குப் பின்னால் அடித்தால் 'கா'. ஆனால், அது விரல் எவ்வளவு நேரம் இருந்தது என்று பார்ப்பதில்லை. முன்னால் என்ன எழுத்து என்று பார்க்கிறது. அதனால் காத்திருக்கும் பிரச்னையே அங்கே இல்லை.

"எல்லாம் சரி மாமா, தினம் ஐம்பது பான் நம்பர் அடிக்கிறேன். பெரிய எழுத்துக்கு எங்கே போவேன்?"

நியாயமான கேள்வி. மூலையில் இருக்கிற எஸ்கேப் கீக்கு 'கேப்ஸ்லாக்' என்று இன்னொரு வரி. இரண்டு பேரும் வீடு மாற்றிக்கொள்ளட்டும். ஃபைலில் ஏதாவது தப்பாக எழுதி கீபோர்டு மக்கர் பண்ணினால் பயப்பட வேண்டாம். பேக்ஸ்பேஸ், எஸ்கேப், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கீடி நின்றுவிடும். பழைய கீபோர்டு திரும்ப வரும்.

மச்சினன் வீட்டு லேப்டாப்பில் அன்றைக்கே போட்டுக்கொண்டான். பத்து நாள் கழித்து ஆபீஸிலிருந்து போன். குரலில் பதற்றம்.

"மாமா, இங்கே காப்பி பண்ணலாம்னு கேப்ஸ் லாக்கைப் பிடிச்சா, எல்லாம் பெரிய எழுத்தா வருது!"

விரல் பழகிவிட்டது. அதை மாற்றுவதற்கு எந்த ஃபைலிலும் வரி கிடையாது.